பெர்த் - லண்டன் ஹீத்ரு: பயண நேரக் கணக்கு

ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து லண்டனுக்கு விமானத்தில் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள். 14,500 கி.மீ. தூரத்தை விமான வேகமான மணிக்கு 900 கி.மீ.யால் வகுத்தால் 16 மணி நேரம் வருகிறது, டிக்கெட்டில் உள்ள புறப்படும், சேரும் நேரங்களைக் கழித்தால் 10 மணி நேரம்தான் வருகிறது என்று குழம்பியிருக்கிறீர்கள். டிக்கெட்டில் இருப்பவை அந்தந்த ஊர் நேரங்கள். நேரடியாகக் கழிக்கக் கூடாது. இரண்டையும் யுடிசிக்கு (உலகப் பொது நேரம்) மாற்றுங்கள். நீங்கள் தந்த புறப்படும் நேரமான மாலை 6.45 (பெர்த், +8, அதாவது யுடிசியைவிட 8 மணி நேரம் முன்னே) என்பது யுடிசி 10.45. சேரும் நேரமான மறுநாள் காலை 5.05 (லண்டன் கோடைக்காலம், +1) என்பது யுடிசி 4.05. ஆக, பயணம் 17 மணி 20 நிமிடம். அக்டோபர் கடைசி ஞாயிறுக்குப் பின் பயணம் என்றால் லண்டன் +0. இதில்தான் பலர் ஒரு மணி நேரம் தவறவிடுகிறார்கள்.

வகுத்தல் கணக்கு குறைவாக வரக் காரணம், 14,500 என்பது உருண்டைப் பூமியில் இரு ஊர்களுக்கும் இடையே உள்ள மிகக் குறுகிய வழியின் தூரம். மூடிய வான்வெளிகளைச் சுற்றினால் தூரம் கூடும். மேற்கே போகும்போது எதிர்க்காற்று வேறு. திரும்பும்போது அதே காற்று தள்ளுவதால் நேரம் குறையும். ஓடுதளத்துக்கு ஊர்ந்து செல்வதும் டிக்கெட் நேரத்தில் அடக்கம்.