எலிக்குப் பலித்த பொடி அம்மாவுக்கும் பலிக்குமா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 71, மறதி கூடிக்கொண்டே போகிறது. ‘ஜீனைத் தூண்டும்’ பொடி என்று ஒரு ஏஜென்ட் சாம்பிள் பாக்கெட் தந்தார். “எலிக்கும் மனுஷனுக்கும் ஜீன் ஒன்றுதான், எலியில் நிரூபித்தாயிற்று” என்கிறார். தொடர்ந்து வாங்கலாமா?
– வாசகி, தக்கலை

பதில்: வேண்டாம். மரபணு ஒன்றாக இருந்தாலும் அதிலிருந்து வரும் புரதம் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. மரபணுவைப் படியெடுத்தபின் செல் சில துண்டுகளை வெட்டிவிட்டு மீதியை ஒட்டும். இதுதான் ஸ்ப்ளைசிங். எதை வெட்டுவது என்பது உயிரினத்துக்கு உயிரினம் மாறும். நாகர்கோவில்–தக்கலை சாலை ஒன்றுதான். ஒரு பஸ் சுங்கான்கடை, வில்லுக்குறி எல்லாம் நின்று வரும், இன்னொன்று எங்கும் நிற்காது. எங்கே நிற்பது என்று சொல்லும் டிப்போ அதிகாரி மாதிரி சில புரதங்கள் உண்டு. அப்படி ஒன்றுதான் பிடிபிபி1. பாலூட்டிகள் அதன் ஒரு துண்டைப் பெரும்பாலும் வெட்டிவிடும், கோழி வெட்டாது. டொரண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தப் புரதத்தின் பாலூட்டி வகையைக் கோழிச் செல்லில் வைத்துப் பார்த்தார்கள் (2015). வேறு பல மரபணுக்களின் வெட்டும் ஒட்டும் சேர்ந்தே மாறின.

எலியும் பாலூட்டிதானே என்பார் ஏஜென்ட். சரி, ஆனால் எலிக்கும் நமக்கும் இடையிலும் இந்த வேறுபாடு ஏராளம். மூளையில் ஒற்றுமை கொஞ்சம் கூடுதல். இருந்தும் எலியில் அல்சைமர் என்ற மறதி நோயைக் குறைத்த மருந்துகள் எத்தனையோ மனிதரிடம் தோற்றிருக்கின்றன.

அடுத்து பாக்கெட்டில் இருக்கும் எஃப்எஸ்எஸ்ஏஐ எண்ணைக் காட்டுவார். அது உணவு வியாபாரத்துக்கான உரிமம். நோயைக் குணமாக்கும் என்பதற்குச் சான்று அல்ல. மூளைக் கோளாறைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதைத் தடுக்கும் சட்டம் 1954-லேயே வந்துவிட்டது. புகார் கொடுத்துப் பாருங்கள், ஃபைல் மேசை மேசையாகப் போகும். அதற்குள் அடுத்த தெருவிலும் பொடி விற்றிருக்கும்.

எலியிலும் மனிதரிலும் பலித்த ஒரு விதிவிலக்கை மட்டும் நன்றாகத் தெரிந்துகொள்ளுங்கள், ஏஜென்ட் இதையும் இழுப்பார். குழந்தைகளைத் தாக்கும் எஸ்எம்ஏ என்ற தசை நலிவு நோய்க்கு நுசினெர்சன் என்ற மருந்து உண்டு. 2016-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஸ்ப்ளைசிங்கைத் திருத்தித்தான் அது வேலை செய்கிறது, எலியிலும் சோதித்தார்கள். ஆனால் அது குறிவைக்கும் எஸ்எம்என்2 மரபணு எலிக்குக் கிடையாது. மனித மரபணுவையே எலிக்குள் வைத்த பிறகுதான் அந்தச் சோதனை. அப்புறம் குழந்தைகளிடமும் சோதித்தார்கள். இன்றும் ஆஸ்பத்திரியில், முதுகுத்தண்டு நீரில் ஊசியாகத்தான் போடுகிறார்கள். பாலில் கலக்கிக் குடிப்பதில்லை.

அம்மாவை ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரிக்கு அழைத்துப் போங்கள். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு குறைவு இரண்டாலும் மறதி வரும். இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை போதும், மருந்தும் இருக்கிறது. அந்த சாம்பிள் பாக்கெட்டையும் எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டுங்கள்.