பிரித்தறிய ‘நான்’ என்ற உணர்வு வேண்டுமா?

வேண்டியதில்லை. வேறுபாட்டைப் பதியும் புலன், ஓர் எல்லை அளவு, அதற்கேற்ப மாறும் செயல் இருந்தாலே போதும்.

இலங்கையின் ஹட்டன், நுவரெலியா பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளில் ஓடும் நிறம் பிரிக்கும் மெசினைப் பாருங்கள். காய்ந்த தேயிலை சரிவில் விழும்போது கேமரா படம் பிடிக்கும். குச்சி இலையைவிட வெளிறியிருப்பதால், காற்றை ஊதி அதை மட்டும் தள்ளிவிடும். எல்லையை இறுக்கினால் நல்ல தேயிலையும் குச்சியோடு போய்விடும், தளர்த்தினால் குச்சி தங்கிவிடும். பிழை நடப்பது மெசினுக்குத் தெரியாது. பார்த்துத் திருத்துவது ஆள்தான்.

தேனீ நிறங்களைப் பிரித்தறியும் என்பதை விலங்கியலாளர் கார்ல் வொன் பிரிஷ் 1914இலேயே காட்டிவிட்டார். உளவியலாளர் கார்டன் கேலப் 1970இல் வெளியிட்ட கண்ணாடிச் சோதனையில் (தன் முகத்தில் இட்ட குறியைக் கண்ணாடியில் பார்த்துத் தன் மேலேயே தொடுகிறதா என்று பார்ப்பது) சிம்பன்சிகள் தம்மை அடையாளம் கண்டன. அதில் தேறாத விலங்குகளும் இரையையும் எதிரியையும் நன்றாகவே பிரிக்கின்றன.

ஆனால் நகரும் உயிருக்கு, தன் அசைவால் வந்த மாற்றத்தையும் வெளியில் நடந்த மாற்றத்தையும் பிரிப்பது அவசியம். கண்ணை உருட்டினால் காட்சி ஆடாது. இமையோரத்தை விரலால் மெல்ல அழுத்தினால் ஆடும். கண் தசைக்குப் போகும் கட்டளையின் நகலை மூளை கணக்கில் எடுக்கிறது, விரல் தள்ளும்போது அந்த நகல் இல்லை. இதை ‘நான்’ உணர்வு என்பது மிகை. அதற்கு முந்திய படி என்பதே சரி.