மகள் அணுக்கரு ஆராய்ச்சிக்குப் போகட்டுமா? ஓர் அப்பாவுக்குப் பதில்

ஐயா, வணக்கம்.

மகள் பி.எஸ்சி. இயற்பியலில் இப்போதுதான் மூன்றாம் ஆண்டுக்கு வந்திருக்கிறாள். கன அணுக்கருக்களின் அமைப்பையும் பிளவையும் காமா கதிர் நிறமாலையை (எந்த ஆற்றலில் எத்தனை கதிர்கள் வந்தன என்று காட்டும் வரைபடத்தை) வைத்து ஆராயப் போவதாக வீட்டில் சொல்லியிருக்கிறாள். அன்றிலிருந்து உங்களுக்கும் அவள் அம்மாவுக்கும் தூக்கம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கதிர்வீச்சு உடம்பைக் கெடுத்துவிடுமா, படித்து முடிக்க எத்தனை வருஷம் ஆகும், முடித்தபின் வேலை கிடைக்குமா, பேசாமல் பி.எட். சேர்த்துவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகட்டும். ஆனால் அடுத்து எங்கே சேர்ந்தாலும், கதிரைப் பிடித்து அளக்கும் டிடெக்டரைத் தொட்டு வேலை செய்யவும், எலெக்ட்ரானிக்ஸ் பழகவும், கம்ப்யூட்டரில் தரவை அலசவும் வாய்ப்புள்ள இடமாக அது இருக்க வேண்டும். இந்த மூன்றும் கைக்கு வராத இடமென்றால், தலைப்பு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வேண்டாம். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பது, பிள்ளை அங்கே போய் உண்மையில் என்ன செய்யப்போகிறாள் என்று தெரிந்தால் உங்களுக்கே புரியும்.

1938 டிசம்பரில் பெர்லினில் ஓட்டோ ஹானும் ஃபிரிட்ஸ் ஸ்ட்ராஸ்மனும் யுரேனியத்தின் மீது நியூட்ரானைப் பாய்ச்சியபோது, அதைவிட மிக இலேசான பேரியம் கிடைத்தது. அது எப்படி வந்தது என்று அவர்களுக்கே விளங்கவில்லை. நாஜிகளுக்குத் தப்பி ஸ்வீடனில் இருந்த லீஸ் மைட்னரும் அவருடைய அக்கா மகன் ஓட்டோ ஃபிரிஷும்தான், யுரேனிய அணுக்கரு ஒரு நீர்த்துளி போல நீண்டு, இடுப்பு சிறுத்து, இரண்டாக உடைகிறது என்று விளக்கினார்கள். அணுமின் நிலையம் வரை எல்லாம் அதிலிருந்து வந்தவை. ஆனால் நீர்த்துளிக் கணக்கின்படி பார்த்தால் யுரேனியம் சரிபாதியாக உடைய வேண்டும். அப்படி உடைவதில்லை. பெரும்பாலும் ஒரு துண்டு நிறை எண் (புரோட்டான், நியூட்ரான் இரண்டின் மொத்தம்) 140-ஐ ஒட்டியும் மற்றது 95-ஐ ஒட்டியும் வருகிறது. அணுக்கருவுக்குள் புரோட்டான்களும் நியூட்ரான்களும் கூடுகூடாக அடுக்கப்பட்டிருப்பதுதான் இதற்குக் காரணம். உங்கள் மகளின் தலைப்பில் அமைப்பும் பிளவும் சேர்ந்து வருவது இதனால்தான். ஒன்றைப் புரிந்துகொள்ளாமல் மற்றது புரியாது.

எல்லாம் கண்டுபிடித்து முடித்துவிட்டார்களே, இனி என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். உடைந்த துண்டுகள் சுழன்றபடி வெளிவருகின்றன என்பது பல பத்தாண்டுகளாகத் தெரியும். அந்தச் சுழற்சி உடைவதற்கு முன்பே வந்துவிடுகிறதா, பின்பு வருகிறதா என்பது தீராத கேள்வியாகவே இருந்தது. பிரான்சில் ஓர்சே ஆய்வகத்தில் காமா டிடெக்டர்களை வட்டமாக அடுக்கி அளந்த ஒரு குழு, இரண்டு துண்டுகளின் சுழற்சிக்கும் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லை, அது உடைந்த பிறகே உண்டாகிறது என்று 2021-இல் எழுதியது. எல்லாக் கோட்பாட்டாளர்களும் இதை ஒப்புக்கொண்டுவிடவில்லை. விவாதம் நடந்துகொண்டேதான் இருக்கிறது. ஆராய்ச்சிக்கு வருகிற பிள்ளைக்கு இதைவிட நல்ல நேரம் வேண்டுமா?

இதில் காமா கதிரின் பங்கு என்ன? ஆற்றல் கூடிக் கிளர்ச்சியடைந்த அணுக்கரு படிப்படியாக இறங்கி அமைதியாகும். ஒவ்வொரு படிக்கும் ஒரு காமா கதிர் வெளியே வரும். அந்தக் கதிர்களின் ஆற்றலை அளந்தால் படிகளின் உயரம் தெரியும்; உயரங்களிலிருந்து அணுக்கருவின் வடிவம் தெரியும். யுரேனியம்-238-இன் முதல் நான்கு படிகள் சுமார் 45, 104, 159, 211 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் (அணுக்கரு ஆற்றலை அளக்கும் அலகு). இப்படி ஒரே சீராக ஏறிப் போனால் அது முட்டை போல நீண்ட வடிவில் சுழல்கிற அணுக்கரு. மகளிடம் இந்த நான்கு எண்ணைக் கொடுத்து, முதல் இரண்டு படியைக் கூட்டி முதல் படியால் வகுக்கச் சொல்லுங்கள். 3.3 வரும். அது ஏன் 3.33-ஐ ஒட்டி வருகிறது என்று தேடிப் பிடித்துக்கொண்டு வந்து உங்களுக்குச் சொன்னால், ஆசை உண்மையானது.

இன்னும் கனமானவற்றில் நொபெலியம்-254 ஓர் அதிசயம். 102 புரோட்டான்கள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளும் நிலையில், நீர்த்துளிக் கணக்கின்படி அதைத் தாங்கிப் பிடிக்க எதுவுமே இல்லை. 1999-இல் அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தில் காமாஸ்ஃபியர் என்ற கருவியைக் கொண்டு அதன் காமா கதிர்களை அளந்தார்கள். அவ்வளவு கனமான அணுக்கரு வேகமாகச் சுழன்றும் உடையாமல் நின்றது. கூடுகளின் பிடிதான் அதைக் காப்பாற்றியது.

பிளவுத் துண்டுகளைப் பிடிப்பதும் இதே வழியில்தான். கலிஃபோர்னியம்-252 தானாகவே பிளக்கும் தன்மை கொண்டது. அதில் 98 புரோட்டான்கள். ஒரு துண்டு பேரியம் (56) என்றால் இன்னொன்று மாலிப்டினம் (42) ஆகத்தான் இருக்க முடியும். பேரியம்-144 தரும் காமா 199 கிலோ எலெக்ட்ரான் வோல்ட். அதோடு ஒரே கணத்தில் வருகிற மாலிப்டினம்-104-இன் காமா 192. இரண்டுக்கும் இடையே ஏழுதான் வித்தியாசம். கல்லூரி லேபில் இருக்கும் சோடியம் அயோடைடு டிடெக்டரில் இரண்டும் ஒரே மேடாகத் தெரியும். தூய ஜெர்மானியம் டிடெக்டரில் இரண்டு கூரான முனைகளாகப் பிரிந்து நிற்கும். இந்தத் துறையின் உயிர் அந்த ஜெர்மானியத்தில்தான் இருக்கிறது.

நம் நாட்டில் இதற்கு இங்கா என்று பெயர் பெற்ற ஒரு டிடெக்டர் வரிசை இருக்கிறது. நான்கு ஜெர்மானியப் படிகங்களை இலை இலையாகச் சேர்த்த குளோவர் டிடெக்டர்கள், 24 வரை அடுக்கலாம். மும்பை டி.ஐ.எஃப்.ஆர்., டெல்லி ஐ.யு.ஏ.சி., கொல்கத்தா வி.இ.சி.சி. ஆகிய மூன்று ஆக்ஸிலரேட்டர் (துகள்களை வேகப்படுத்தும் கருவி) மையங்களுக்கும் மாறி மாறிப் போகும். பல்கலைக்கழக மாணவர்களும் தங்கள் கைடு மூலம் திட்டம் எழுதி, குழு ஏற்றுக்கொண்டால் பீம் டைம், அதாவது துகள் கற்றையைப் பயன்படுத்தும் நேரம், பெறலாம். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்த மாணவிகூட டெல்லிக்குப் போய் 15 மில்லியன் வோல்ட் பெல்லட்ரான் ஆக்ஸிலரேட்டரில் சோதனை செய்து வரலாம்.

அங்கே வேலை எப்படி இருக்கும்? பீம் கிடைக்கிற சில நாட்களில் ராத்திரி பகல் கிடையாது. ஷிஃப்ட் போட்டுக்கொண்டு உட்கார வேண்டும். டிடெக்டர்களை மைனஸ் 196 டிகிரியில் வைத்திருக்கத் திரவ நைட்ரஜன் நேரத்துக்கு நிரம்புகிறதா என்று பார்ப்பது, யூரோப்பியம்-152 என்ற கதிரியக்க மூலத்தை வைத்து ஒவ்வொரு படிகத்துக்கும் ஆற்றல் அளவைச் சரிசெய்வது, எந்தச் சேனலில் இரைச்சல் கூடுகிறது என்று தேடி ஆம்ப்ளிஃபயர் கேபிளை மாற்றுவது, அத்தனையையும் நேரத்தோடு லாக் புக்கில் எழுதுவது. விடிகாலை மூன்று மணிக்கு ஒரு முனை நகர்ந்துவிட்டால், அது அணுக்கருவின் விஷயமா, மின்னணுச் சுற்றின் கோளாறா என்று அந்த ஷிஃப்டில் இருக்கிற பிள்ளைதான் முடிவு செய்ய வேண்டும். அப்புறம் வீடு திரும்பி மாதக்கணக்கில், சில நேரம் வருஷக்கணக்கில், அந்தத் தரவை அலசுவது. சி பிளஸ் பிளஸ், பைத்தான் என்ற கணினி மொழிகள், தரவை அலசும் ரூட், கதிர் பாய்வதைக் கணினியில் ஒத்திகை பார்க்கும் ஜியான்ட்-4 எல்லாம் அங்கேதான் பழக்கமாகும்.

நான் மேலே நிபந்தனை போட்டது இதற்காகத்தான். நொபெலியத்தைப் பற்றித் தெரிந்தவருக்கு வெளியே வேலை இல்லை. ஜெர்மானியம் டிடெக்டரை ஓட்டத் தெரிந்தவருக்கு உண்டு. அணுமின் நிலையங்களின் சுற்றுச்சூழல் ஆய்வகங்களில் மண், தண்ணீர், பால், மீன் மாதிரிகளை அளப்பது இதே டிடெக்டரில்தான். கதிரியக்கப் பாதுகாப்பு, ஐசோடோப்பு தயாரிப்பு, மருத்துவமனைகளின் அணு மருத்துவப் பிரிவு, டிடெக்டர் செய்கிற நிறுவனங்கள் எல்லாம் இந்தக் கைப்பழக்கத்தைத்தான் கேட்கின்றன. பெரிய தரவை அலசிப் பழகியவர்கள் மென்பொருள் பக்கம் போவதும் சகஜம்.

உடம்பு விஷயம். பெண் பிள்ளை என்பதால் உங்கள் பயம் இரட்டிப்பாக இருப்பது எழுத்திலேயே தெரிகிறது. பீம் ஓடும்போது அந்த ஹாலுக்குள் யாரும் இருக்க முடியாது. இன்டர்லாக் போட்டிருப்பார்கள், கதவு திறந்தால் பீம் நின்றுவிடும். மாணவர்கள் கெட்டியான சுவருக்கு வெளியே கன்ட்ரோல் ரூமில் இருப்பார்கள். அளவு சரிபார்க்கப் பயன்படுத்தும் மூலங்கள் மிகச் சிறியவை. ஒவ்வொருவரும் சட்டையில் கதிர்வீச்சை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜ் மாட்டியிருப்பார்கள், அதை அவ்வப்போது அனுப்பி, எவ்வளவு டோஸ் சேர்ந்தது என்று பதிவு செய்வார்கள். கதிர்வீச்சுப் பணியாளருக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வைத்திருக்கும் வரம்பு ஐந்தாண்டுச் சராசரியாக வருஷத்துக்கு 20 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சு டோஸின் அலகு). எந்த ஒரு வருஷத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது. கர்ப்பம் என்று தெரிவித்துவிட்டால் அதன்பின் அதைவிட மிகக் குறைந்த தனி வரம்பு. அந்த லேபில் நான் அதிகம் எச்சரிக்கை சொல்வது வேறு இரண்டுக்கு: அடைத்த அறையில் கசியும் நைட்ரஜன் ஆக்சிஜனை விரட்டி மூச்சுமுட்ட வைக்கும், டிடெக்டருக்குக் கொடுப்பது ஆயிரக்கணக்கான வோல்ட். இரண்டுக்கும் முறையான பயிற்சி கொடுக்கிற லேப் தானா என்று சேரும் முன் கேட்க வேண்டும்.

இனி வருஷக் கணக்கு. எம்.எஸ்சி. இரண்டு வருஷம், பிஎச்.டி. ஐந்து முதல் ஆறு. இருபத்தெட்டு வயசு ஆகிவிடும், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எம்.எஸ்சி.க்குப் பிறகு உங்கள் கையிலிருந்து பணம் போக வேண்டியதில்லை. சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000; வீட்டு வாடகைப்படி தனி. ஜே.ஆர்.எஃப். இல்லாமல், உதவித்தொகை உறுதியில்லாமல் பிஎச்.டி.யில் சேர நான் யாருக்கும் சொல்வதில்லை. உங்கள் மகளுக்கும் சொல்ல மாட்டேன். ஐந்தாறு வருஷம் கைக்காசு போட்டு ஆராய்ச்சி செய்த பிள்ளைகள் நடுவில் உடைந்துபோவதைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

எம்.எஸ்சி.யோடு நிறுத்திக்கொள்ளவும் நல்ல வழிகள் உண்டு. அணுசக்தித் துறையின் பயிற்சிப் பள்ளிக்கு இயற்பியல் எம்.எஸ்சி. படித்தவர்களை எடுக்கிறார்கள்; எழுத்துத் தேர்வோ கேட் தேர்வு மதிப்பெண்ணோ, பிறகு நேர்காணல். ஒரு வருஷப் பயிற்சிக்கே உதவித்தொகை உண்டு, தேறினால் விஞ்ஞானி பதவி. நேர்காணல் கடினம், அடிப்படை இயற்பியலைத் துருவித் துருவிக் கேட்பார்கள். கதிர்வீச்சு மருத்துவ இயற்பியல் பட்டயம் படித்துப் புற்றுநோய் மருத்துவமனைக்குப் போவது இன்னொரு வழி. நீங்கள் சொல்கிற பி.எட். எங்கும் ஓடிப்போகாது, எம்.எஸ்சி.க்குப் பிறகு படித்தால் முதுகலை ஆசிரியர் பணிக்கே விண்ணப்பிக்கலாம். நெட் எழுதியது கல்லூரி ஆசிரியர் வேலைக்கும் உதவும். பிஎச்.டி. முடித்தபின் வெளிநாட்டில் போஸ்ட் டாக் கிடைப்பது இந்தத் துறையில் அரிதல்ல. திரும்பி வந்து நிரந்தரப் பேராசிரியர் ஆவதுதான் கடினம். இடங்கள் குறைவு, காத்திருப்பு நீளம். அதை மட்டுமே நம்பி இறங்கக் கூடாது.

எங்கே சேர்ப்பது? ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி.க்கு ஜாம் தேர்வு. விண்ணப்பம் செப்டம்பர் வாக்கில் திறக்கும், தேர்வு பிப்ரவரியில். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு சி.யு.இ.டி. தேர்வு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் அணுக்கரு இயற்பியலுக்கென்றே தனித் துறை இருக்கிறது. வீட்டை விட்டு வெகுதூரம் அனுப்பத் தயங்குகிறீர்கள் என்றால் அதைப் போய்ப் பாருங்கள். எங்கே போனாலும் அங்கே படிக்கும் சீனியர்களிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: கைடு கடைசியாக எப்போது பீம் டைம் பெற்றார், அவரிடம் முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், எத்தனை வருஷத்தில் முடித்தார்கள். கைடின் பட்டங்களைவிட இந்தப் பதில்கள் பயன்படும்.

கல்யாணப் பேச்சையும் எழுதியிருந்தீர்கள். அது உங்கள் குடும்பத்து முடிவு. நான் தலையிட மாட்டேன். பிஎச்.டி. நடுவே கல்யாணம் செய்து, முடித்தும் காட்டிய பெண்கள் நிறையப் பேர் உண்டு. சோதனை நாட்களில் ராத்திரி ஷிஃப்ட் இருக்கும் என்பதை மட்டும் வரப்போகிற வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இந்த வருஷம் ஒரு வேலை இருக்கிறது. கடைசி செமஸ்டர் புராஜெக்டுக்கு, சோடியம் அயோடைடு டிடெக்டர் இருக்கிற ஏதாவது ஒரு கல்லூரியில் அனுமதி வாங்கி, மூலம் எதுவும் வைக்காமல் ஒரு ராத்திரி முழுக்க வெறும் அறையின் ஸ்பெக்ட்ரத்தை (நிறமாலையை) எடுக்கச் சொல்லுங்கள். சுவரிலும் மண்ணிலும் இருக்கும் பொட்டாசியம்-40 1,461 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டிலும், தோரியம் குடும்பத்தின் தாலியம்-208 2,615-இலும் தெரிய வேண்டும். அடுத்து மணவாளக்குறிச்சிப் பக்கத்துத் தோரியம் கலந்த கடற்கரை மணலைக் கொஞ்சம் கொண்டுவந்து வைத்து மறுபடி எடுத்தால் தோரியத்தின் முனை எவ்வளவு உயர்கிறது என்று கண்ணெதிரே பார்க்கலாம். இரண்டு ஸ்பெக்ட்ரத்தையும் கழித்து, பிழை வரம்போடு ஒரு பக்கத்தில் எழுதி எனக்கு அனுப்பட்டும். அந்தப் பக்கத்தையும், எலெக்ட்ரானிக்ஸ், குவாண்டம் பாடங்களில் அவள் எடுத்த மதிப்பெண்ணையும் வைத்துக்கொண்டு, எந்தெந்த இடங்களுக்கு விண்ணப்பிப்பது என்று நாம் மூவரும் உட்கார்ந்து பேசுவோம். ஜாம் விண்ணப்பத்தை மட்டும் அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம். திறந்தவுடன் போட்டுவிடச் சொல்லுங்கள்.