மலை உச்சிக்கு டிரான்ஸ்மிட்டரை மாற்றலாமா?

கேள்வி: ஏற்காட்டில் எங்கள் அறக்கட்டளை சார்பில் சமுதாய வானொலி நடத்துகிறோம். 50 வாட் டிரான்ஸ்மிட்டர். டவர் நிற்கும் கட்டடத்தை நான்கு மாதத்தில் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். நாகலூர் பக்கம் சில ஊர்களில் இப்போதே சரியாகக் கேட்பதில்லை. மாற்றுவதுதான் மாற்றுகிறோம், சேர்வராயன் கோயில் பக்கம் உச்சியிலேயே வைத்துவிடலாமா? பள்ளத்து ஊர்களுக்கு ஒரு டிரான்ஸ்லேட்டர் வைத்துத் தருவதாகவும், டெல்லி அனுமதியை ஒரே மாதத்தில் வாங்கித் தருவதாகவும் ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். முன்பணம் எதுவும் கொடுக்காதீர்கள்.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். புது இடத்துக்கான அனுமதி கைக்கு வரும்வரை பழைய டவரில் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றக் கூடாது. ஒலிபரப்பு மூன்று மாதத்துக்கு மேல் நின்றுபோனால், உங்கள் அனுமதியை ரத்து செய்து அலைவரிசையை அடுத்தவருக்குக் கொடுக்க விதியில் இடமிருக்கிறது. நான்கு மாதத்தில் எல்லாம் முடிந்துவிடும் என்று கணக்குப் போட வேண்டாம். கட்டட உரிமையாளரிடம் இன்றே பேசி, வாடகையைக் கூட்டிக் கொடுத்தாவது ஓராண்டு அவகாசத்தை எழுத்தில் வாங்குங்கள்.

இனி உச்சி. எஃப்.எம். அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போவது. ஆன்டெனாவின் கண்ணுக்குத் தெரிகிற ஊரில் கேட்கும். நடுவில் மலை மறித்தால் மங்கும். சேர்வராயன் உச்சி சுமார் 1,600 மீட்டர், சேலம் சமவெளி சுமார் 300 மீட்டர். அங்கிருந்து பார்த்தால் ரேடியோ அலைக்கு 100 கிலோமீட்டருக்கு அப்பாலும் தடையில்லை. சமுதாய வானொலிக்கென்று இருப்பதோ 90.4, 90.8, 107.8 என்று விரல்விட்டு எண்ணக்கூடிய அலைவரிசைகள். அவற்றையேதான் ஊர் ஊராகத் திரும்பத் திரும்பக் கொடுத்திருக்கிறார்கள். கீழே அதே அலைவரிசையில் ஓடும் இன்னொரு நிலையத்தின் மேல் உங்கள் குரல் போய் ஏறும். புகார் வரும், அல்லது விண்ணப்பமே நிற்கும். நீங்கள் யாருக்காக நடத்துகிறீர்களோ அந்தப் பள்ளத்து ஊர்க்காரர்களுக்கு மட்டும் விளக்கடி இருட்டு.

உங்களுக்கு வேண்டியது உச்சியல்ல, உச்சிக்குக் கீழே சரிவில், உங்கள் ஊர்களைப் பார்த்து நிற்கிற ஒரு மலைத்தோள். அனுமதியில்லாமல் புது இடத்தில் டிரான்ஸ்மிட்டரைப் போட்டுப் பார்க்க முடியாது. ஆனால் கண்ணால் பார்க்கலாம். பனி இல்லாத நாளில், வெயில் இருக்கும்போது, கேட்காத ஒவ்வோர் ஊரிலும் ஒருவரைக் கைக்கண்ணாடியோடு வெட்டவெளியில் நிறுத்தி வெளிச்சம் அடிக்கச் சொல்லுங்கள். எந்தத் தோளில் நின்றால் அதிக ஊர்களின் மினுக்கம் தெரிகிறதோ அதுதான் இடம். சில்வர் ஓக் மரம் மறைத்தால் கவலை வேண்டாம், எஃப்.எம். அதைத் தாண்டும். பாறை மறைத்தால் தாண்டாது. சேலம் பக்கம் மலையே முதுகு கொடுத்து மறைப்பதுபோல் அமைந்தால் இன்னும் நல்லது.

டிரான்ஸ்லேட்டர் என்பது ஒரு சிக்னலை வாங்கி வேறு அலைவரிசையில் திருப்பி அனுப்பும் சிறு டிரான்ஸ்மிட்டர். அமெரிக்காவில் அதற்குத் தனி உரிமம் உண்டு. நம் நாட்டுச் சமுதாய வானொலி விதிகளில் அப்படி ஒரு வகையே இல்லை. உங்கள் அனுமதி ஓர் இடம், ஒரு டிரான்ஸ்மிட்டர், ஓர் அலைவரிசைக்கு. ‘சின்ன பூஸ்டர்தான், யாருக்கும் தெரியாது’ என்று விற்கிறவர் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார். கருவியைப் பறிமுதல் செய்யும்போது பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

இதே ஆட்கள் 300 வாட் டிரான்ஸ்மிட்டரையும் தள்ளப் பார்ப்பார்கள். அரசு கணக்கில் எடுப்பது டிரான்ஸ்மிட்டரின் வாட்டை அல்ல, ஆன்டெனாவிலிருந்து வெளியேறும் இ.ஆர்.பி. என்ற சக்தியை. அதன் வரம்பு 100 வாட். உங்கள் 50 வாட்டில், 30 மீட்டர் அரை அங்குல கேபிள் தின்றது போக சுமார் 43 வாட் மேலே போகும். சக்தியைப் பக்கவாட்டில் குவித்து இரட்டிப்பாக்கிக் காட்டும் இரண்டு அடுக்கு ஆன்டெனா வைத்தால் இ.ஆர்.பி. 86. இது போதும். நான்கு அடுக்கு வைத்தால் 170, அதாவது விதிமீறல். மலைப்பகுதி என்று காரணம் காட்டி 250 வரை கேட்கலாம். அது தனிக் குழுவுக்குப் போகிற தனிக் கோப்பு, இப்போது வேண்டாம். ஆன்டெனா தரையிலிருந்து 15 மீட்டருக்குக் குறையவோ 30 மீட்டரைத் தாண்டவோ கூடாது. மலைமேல்தானே இருக்கிறோம் என்று ஐந்து மீட்டர் குழாயில் கட்டாதீர்கள்.

ஒரு விஷயத்தைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். அறக்கட்டளையான நீங்கள், நீங்கள் சேவை செய்யும் ஊர்ப்பகுதிக்குள் எங்கு வேண்டுமானாலும் இடம் கேட்கலாம். கல்லூரியோ பல்கலைக்கழகமோ நடத்தும் வானொலிக்கு இது கிடையாது. அவர்கள் டிரான்ஸ்மிட்டர் முதன்மை வளாகத்துக்குள்ளேயேதான் இருக்க வேண்டும். சேலத்தில் இருக்கும் கல்லூரிக்கு ஏற்காட்டில் எஸ்டேட் இருந்தாலும் முடியாது. மலையில் இரண்டாவது வளாகம் இருந்தாலும் முடியாது. விடுதிக் கட்டடமானாலும் முடியாது. ஆகவே எந்தக் கல்லூரியாவது ‘நம் உரிமத்தில் சேர்ந்து மலையில் வைப்போம்’ என்று வந்தால் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

அனுமதிக்கு, தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கு இடமாற்றக் கடிதம். தொலைத்தொடர்புத் துறையின் சரள் சஞ்சார் தளத்தில் புது இடத்துக்கு சாக்ஃபா (டவர் இடத்தையும் அலைவரிசையையும் பார்க்கும் குழு) ஒப்புதல். அதன்பின் திருத்திய இயக்க உரிமம். ஒரே ஊராட்சிக்குள் இரண்டு கிலோமீட்டர் நகர்வதற்கு, அதே பெயரையும் அதே பதிவு எண்ணையும் இத்தனை மேசைக்குத் திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஒரு மேசை பார்த்ததை மறுமேசை பார்க்க வழிசெய்திருந்தால் இந்தத் தரகர்களுக்கே வேலை இருந்திருக்காது. அந்தத் தளத்தில் நுழையும் கடவுச்சொல்லைத் தரகரிடம் கொடுத்துவிட்டு, பிறகு சொந்தக் கோப்பையே பார்க்க முடியாமல் நிற்காதீர்கள்.

விண்ணப்பம் திரும்புவதற்குப் பொதுவான காரணம் அட்சரேகை, தீர்க்கரேகைத் தவறு. கைபேசி தசமத்தில் காட்டும்; படிவம் பாகை (டிகிரி), கலை (நிமிடம்), விகலையில் (விநாடி) கேட்கும். ஏற்காட்டின் தீர்க்கரேகை 78.2093 என்றால் அதை 78 பாகை 20 கலை என்று எழுதிவிடுகிறார்கள். புள்ளிக்குப் பின் இருப்பதை 60-ஆல் பெருக்க வேண்டும்: 12 கலை 33 விகலை. தப்பாக எழுதினால் உங்கள் டவர் காகிதத்தில் 13 கிலோமீட்டர் கிழக்கே போய் நிற்கும். கடல்மட்டத்திலிருந்து இடத்தின் உயரம் வேறு, தரையிலிருந்து டவரின் உயரம் வேறு. இரண்டையும் கூட்டி ஒரே கட்டத்தில் போடாதீர்கள். காமலாபுரத்தில் சேலம் விமான நிலையம் இருப்பதால் இந்த உயரங்களைக் கவனமாகப் பார்ப்பார்கள்.

நிலத்தில் காப்புக்காடு எல்லை, நிபந்தனைப் பட்டா, மலையிடப் பாதுகாப்பு விதிகள் மூன்றையும் கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்ட அலுவலகத்திலும் பாருங்கள். குத்தகையைப் பதிவு செய்யும்போது வழிப்பாதை உரிமையையும் எழுதிக்கொள்ளுங்கள். எஸ்டேட் கேட் பூட்டிவிட்டால் டவருக்குப் போக வழியிருக்காது.

கடைசியாக எர்த். சேர்வராயன் மலையில் பல இடங்களில் மேலே செம்புறை, அடியில் பாறை. ஒரு குழி தோண்டி ஒரு குழாய் இறக்கினால் போதாது. டவரிலிருந்து மூன்று நான்கு பக்கமும் செம்புப் பட்டையை மண்ணுக்கடியில் ஓடவிட்டு, இரண்டு மூன்று குழிகளோடு இணைத்து, எர்த்தின் மின்தடையைக் கோடையில் அளந்து 5 ஓமுக்குள் கொண்டுவாருங்கள். மழைக்காலத்தில் அளந்த எண் ஏமாற்றும். டவருக்கு ஓர் எர்த், அறைக்கு ஓர் எர்த் என்று தனித்தனியாக விட்டுவிடுவதுதான் டிரான்ஸ்மிட்டரைக் கொல்கிறது. இடி விழும்போது இரண்டுக்கும் நடுவே உண்டாகும் மின்னழுத்தம் கருவிக்குள்தான் பாயும். எல்லா எர்த்தையும் தடித்த செம்புப் பட்டையால் ஒன்றாகக் கட்டுங்கள். மின்பலகையில், திடீரென ஏறும் மின்னழுத்தத்தைத் தடுக்கும் சர்ஜ் அரெஸ்டர் போடுங்கள். சித்திரை இடிக்கு முன் இந்த வேலை முடிந்திருக்க வேண்டும்.

கனெக்டர்களில் தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, கேபிள் அறைக்குள் நுழையும் முன் கீழே ஒரு வளைவு விடுங்கள். பனி நீர் அங்கே சொட்டிவிடும். டிரான்ஸ்மிட்டரைப் போட்டவுடன் மீட்டரில் 50 வாட் போகும்போது ஆன்டெனா பக்கமிருந்து திரும்பி வருவது 2 வாட்டைத் தாண்டினால் உடனே அணைத்துவிட்டு ஆன்டெனா, கேபிள் இணைப்புகளைச் சரிபாருங்கள். பழைய டவரிலும் இதே அளவை இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நாகலூரில் கேட்காததற்குக் காரணம் மலையாக இல்லாமல் நீர் புகுந்த ஒரு கனெக்டராகவும் இருக்கலாம்.