சாவி கையில இருக்கறவன் ஏன் கதவைத் தட்டணும்?

அண்ணே வணக்கம்,

வில்லன்களைப் பத்தி நீங்க எழுதினதுல “வில்லனுக்கு நியாயம் இருக்கணும்னு அவசியமில்ல, காரணம் இருந்தா போதும்”னு ஒரு வரி வரும். அதைப் படிச்ச அதே வாரம்தான் நான் ரிசர்விஸ்ட் ராணுவப் பயிற்சி முடிஞ்சு வந்து மாஸ் எஃபெக்ட் வீடியோ கேம் மூணு பாகத்தையும், மூணும் ஒண்ணா வர்ற லெஜண்டரி எடிஷன்ல ஒரே மூச்சா ஆடி முடிச்சேன். முடிச்சதுலேருந்து செம கடுப்புல இருக்கேன்.

ரீப்பர்னு ராட்சச மெஷின் கப்பலுங்க, 50,000 வருஷத்துக்கு ஒரு தடவை வந்து அறிவு வளர்ந்த இனத்தையெல்லாம் அறுவடை பண்ணிட்டுப் போகுதுங்க. ஏன்டான்னா, நீங்க மெஷின் செய்வீங்க, அந்த மெஷின் ஒருநாள் உங்களைக் கொன்னுடும், அதுக்கு முன்னாடி நாங்களே வந்து உங்களை எடுத்துடறோம்னு கடைசி பத்து நிமிஷத்துல சின்னப் பையன் உருவத்துல ஒண்ணு வந்து சொல்லுது. கேட்டலிஸ்டாம். மெஷின் கொன்னுடக்கூடாதுன்னு மெஷின் வந்து கொல்லுதாம். அது இத்தனை நாளா சிட்டடல்ங்கற விண்வெளி நிலையத்துலயே இருந்துச்சுன்னா முதல் பாகத்துல சாவரின்ங்கற ரீப்பர் அதுக்குள்ள நுழைய எதுக்கு அவ்ளோ நாய்படாத பாடு பட்டுச்சு? என் ஃபிரெண்டு “கேம்ல போய் லாஜிக் பாக்கறியா, சுட்டமா போனோமான்னு இரு லா”ங்கறான். நான்தான் ஓவரா யோசிக்கிறேனா?

எஸ்., செங்காங்

அன்புள்ள எஸ்.,

கடைசி சீன் வரைக்கும் பேசப்போறேன், இன்னும் ஆடாதவங்க இந்த ஸ்டேஷன்லயே எறங்கிக்குங்க.

ஓவரா யோசிக்கல தம்பி. சுட்டுட்டுப் போறதுக்குன்னே ஆயிரம் கேம் இருக்கு, இது ஒவ்வொரு ஊர்லயும் நம்மள நிறுத்தி, இவனைக் காப்பாத்தவா அவளைக் காப்பாத்தவான்னு கேட்டு, அதை சேவ் ஃபைல்ல எழுதி வச்சு அடுத்த பாகத்துக்குத் தூக்கிட்டு வர்ற கேம், இதுல லாஜிக் பாக்காம வேற எதுல பாக்கறது.

ஆனா காரணம் புரியாததை நான் குறையா சொல்ல மாட்டேன். முதல் பாகம் 2007 நவம்பர்ல வந்தப்போ எனக்கு எக்ஸ்பாக்ஸ் கிடையாது, தோ பாயோல ஒரு நண்பன் வீட்டுல ராத்திரி ராத்திரியா உக்காந்து ஆடினோம். (உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது, இங்க சிங்கப்பூர்ல அந்த கேமை முதல்ல தடை பண்ணாங்க, ஒரு பொண்ணுக்கும் ஏலியன் பொண்ணுக்கும் நடுவுல ஒரு நெருக்கமான சீன் இருக்குன்னு. ரெண்டொரு நாள்லயே 18 வயசானவங்களுக்குன்னு எம்18 முத்திரை குத்தி விட்டுட்டாங்க. ரீப்பருங்களை விட அவங்க காரணம் தெளிவாத்தான் இருந்துச்சு.) அதுல விர்மைர்னு ஒரு கிரகம், நாம துரத்தற வில்லன் சேரனோட ஆராய்ச்சிக் கூடத்துக்குள்ள போனா சிவப்பா ஒரு உருவம் காத்துல மிதக்கும், ஏதோ ரெக்கார்டு பண்ணி வச்ச புரோகிராம்னு நெனச்சு பேச்சுக் குடுப்போம், பேசப்பேசத்தான் ஒறைக்கும், நாம இவ்ளோ நாளா சேரனோட கப்பல்னு நெனச்சுத் துரத்தினோமே அந்தக் கப்பலேதான் பேசுது. என்ன வேணும் உனக்குன்னு கேட்டா, உனக்குச் சொன்னாலும் வெளங்காதுங்கற மாதிரி ஒரு பதில், அவ்ளோதான். பேச்சு முடிஞ்சதும் கண்ணாடியெல்லாம் உடைஞ்சு தெறிக்கும். சரியா அந்த நேரம் பாத்து நண்பனோட அம்மா வந்து “மணி என்ன ஆச்சு”ன்னு லைட்டைப் போட்டாங்க, ரெண்டு பேரும் அலறிட்டோம்.

அந்த சாவரின் கிட்ட எனக்கு எந்தக் குறையும் இல்ல. எறும்புப் புத்து மேல கால் வைக்கறவன் எறும்புகிட்ட காரணம் சொல்லிட்டா வைக்கறான்? சொல்லாம விட்டதுதான் அங்க பயமே.

அந்த வாயை மூணாவது பாகத்துல தொறந்தாங்க பாருங்க, வெனை அங்கதான் ஆரம்பிச்சது. 2012 மார்ச்சுல வந்த முடிவுல அந்தப் பையன் சொல்ற காரணத்தை வேற எந்தக் கதையிலயாவது கேட்டிருந்தா தலையாட்டிட்டுப் போயிருப்போம். ஆனா இங்க நாம ரானாக்குங்கற கிரகத்துக்குப் போயிட்டு வந்திருக்கோம். அது க்வேரியன்ங்கற இனத்தோட சொந்த ஊர், அவங்க செஞ்ச மெஷின்தான் கெத் (தமிழ்ல சொன்னா சிரிப்பு வரும், ஆனா நெஜமாவே கெத்தான பசங்க). அதுல ஒண்ணு எனக்கு ஆன்மா இருக்கான்னு கேட்டுச்சு, க்வேரியன்ங்க பயந்துபோய் எல்லாத்தையும் நிறுத்தப் பாத்தாங்க, சண்டை வந்துச்சு, சொந்த கிரகத்தை விட்டு ஓடி 300 வருஷமா கப்பல்லயே, முகமூடியைக் கழட்ட முடியாம வாழ்ந்தாங்க. இதுவரைக்கும் வில்லன் சொல்றதுக்குச் சாட்சி மாதிரியே இருக்கா? ஆனா ரெண்டாவது பாகத்துலேருந்தே ஒழுங்கா வேலை பாத்து வந்திருந்தா ரெண்டு பேரையும் சமாதானம் பண்ண முடியும். நம்மகூட வர்ற கெத் லீஜியன் அதுவரைக்கும் தன்னை “நாங்க”ன்னுதான் சொல்லிக்கும், சாகறதுக்கு முன்னாடி முதல் தடவையா “நான்”னு சொல்லும். நம்ம கூட்டாளி க்வேரியன் பொண்ணு டாலி முகமூடியைக் கழட்டிட்டு சொந்த ஊர்க் காத்தை மூச்சு இழுப்பா. க்வேரியன்ங்க உடம்பு அந்த மண்ணுக்குப் பழக கெத்துங்களே ஒதவி பண்ணும்.

இதையெல்லாம் நம்ம கையால செஞ்சிட்டு வந்து நிக்கறோம், அந்தப் பையன் “செஞ்சவனை செய்யப்பட்டது எதிர்த்தே தீரும்”ங்கற மாதிரி பேசறான், நமக்கு “டேய் ஜன்னலைத் தொறந்து பாருடா, ரெண்டு பேரும் சேர்ந்து வெளிய உனக்கு எதிரா சண்டை போட்டுட்டிருக்காங்க”ன்னு சொல்ல ஒரு பட்டன் கெடையாது. அவன் தரப்புக்கும் ஒரு வாதம் உண்டு, கோடிக்கணக்கான வருஷம் பாத்தவனுக்கு உன் ரெண்டு வார சமாதானம் எம்மாத்திரம்னு கேக்கலாம், நல்ல கேள்விதான், ஆனா அதை அவன் கேக்கவே இல்லையே, நம்ம பக்கமிருந்து நான்தான் அவனுக்காக வக்கீல் வேலை பாத்துட்டிருக்கேன். படத்துல இப்படி நடந்தா பாக்கறவன் பல்லைக் கடிச்சிட்டு உக்காந்திருப்பான், அவ்ளோதான். கேம்ல சாட்சியே நாமதான், ஆதாரம் நம்ம சேவ் ஃபைல்லயே கெடக்கு. உங்க கடுப்பு அங்கேருந்துதான் வருதுன்னு நெனைக்கிறேன்.

சிட்டடல் சமாச்சாரம் வேற. அது நெஜமான ஓட்டை, முட்டுக் குடுக்க நான் வரல. சிட்டடலே ஒரு பெரிய கதவு, சிக்னல் குடுத்தா அதைப் பராமரிக்கற கீப்பருங்க அதைத் தொறக்கணும், ரீப்பருங்க உள்ள வந்துடும். போன சுத்துல அறுவடையான ப்ரோதியன் இனத்துல தப்பிச்ச கொஞ்ச விஞ்ஞானிங்க கீப்பருங்களுக்கு அந்த சிக்னல் எடுபடாம பண்ணிட்டாங்க, அதனாலதான் சாவரின் சேரனைப் பிடிச்சு, கெத்துல ஒரு கூட்டத்தைச் சேத்து, கையாலேயே கதவைத் தொறக்கப் படையெடுத்து வருது. முதல் பாகமே இந்த ஒரு ஆணியிலதான் தொங்குது. இப்ப ரீப்பருங்களோட தலைவனே சிட்டடலுக்குள்ள குடியிருந்தான்னா? வீட்டு ஓனர் உள்ள சோபாவுல உக்காந்திருக்காரு, தம்பிக்காரன் வெளிய நின்னு, கேட்ல ஒட்டியிருக்கற பூட்டுக்காரர் ஸ்டிக்கரைப் பாத்து போன் அடிச்சிட்டிருக்கான். ஏன் எழுந்து தொறக்கலைன்னு கேம் எங்கயும் சொல்லல.

இதுல எரிச்சலான விஷயம், நல்ல காரணம் அவங்க கிட்டயே இருந்துச்சு. 2012 ஆகஸ்ட்டுல லெவையதன்னு ஒரு டிஎல்சி (கேமோட சேத்துக்கற கூடுதல் கதை) விட்டாங்க. ஆதியில கடலுக்கடியில ஒரு இனம், மத்த இனங்களையெல்லாம் அடிமையா வச்சிருந்துச்சு, அந்த அடிமைங்க மெஷின் செஞ்சு அதுங்க கையாலேயே அழிஞ்சுபோறதைப் பாத்து, உயிருங்களைக் காப்பாத்த வழி கண்டுபிடின்னு ஒரு செயற்கை அறிவுக்கு (அதுதான் அந்தக் கேட்டலிஸ்ட்) உத்தரவு போடுது. அது கண்டுபிடிச்ச வழி அறுவடை. முதல் அறுவடையே ஓனர்ங்கதான்.

எனக்கு இது பிரமாதமா பட்டுச்சு, ஏன்னா இந்த வில்லனை நான் நேர்ல பாத்திருக்கேன். முன்னாடி நான் வேலை பாத்த ஒரு ஆபீஸ்ல அந்த வருஷம் கஸ்டமர் புகாரைக் கொறைக்கணும்னு மேலேருந்து உத்தரவு, சிஸ்டம் பாக்கற ஆளு வெப்சைட்லேருந்து புகார் ஃபாரத்தையே தூக்கிட்டாரு. அடுத்த மாசம் புகார் ஜீரோ, மீட்டிங்ல கைத்தட்டல். கேட்டலிஸ்ட் பண்ணதும் இதேதான், சொன்ன வார்த்தையை அப்படியே எடுத்துக்கிட்டான். பேராசை வேணாம், வெறுப்பு வேணாம், இது போதும் ஒரு வில்லனுக்கு. அதைப் போய் அஞ்சு மாசம் கழிச்சு தனிக் காசுக்கு வித்தாங்க, படம் பாத்து வந்தவன்கிட்ட ஃபிளாஷ்பேக்குக்குத் தனி டிக்கெட் கேட்ட மாதிரி.

முதல் பாகத்தோட தலைமை எழுத்தாளர் ட்ரூ கார்பிஷின் பின்னாடி ஒரு தடவை டார்க் எனர்ஜியை வச்சு வேற காரணம் யோசிச்சிருந்ததா சொன்னாரு. ரெண்டாவது பாகத்துல ஹேஸ்ட்ராம் கிரகத்துல சூரியன் சீக்கிரமே கெழடு தட்டுதேன்னு டாலி பேசுவாளே, அது அந்த நூலோட மிச்சம். அந்த வழி நல்லா இருந்திருக்கும்னு நான் சொல்ல மாட்டேன், நூலை விட்டுட்டுப் போனது மட்டும் தெரியுது.

நீங்க கடுப்பானதோட நிறுத்திக்கிட்டீங்க, அந்தக் காலத்துல ரசிகருங்க, கடைசியில நம்மளை எடுக்கச் சொல்ற மூணு முடிவோட நிறத்துலயே, சிவப்பு (ரீப்பரை அழி), நீலம் (அடக்கி ஆளு), பச்சை (உயிரையும் மெஷினையும் ஒண்ணாக்கு)ன்னு 400 கப்கேக் செஞ்சு கேமை உருவாக்கின பயோவேர் ஆபீஸுக்கே அனுப்பினாங்க. எந்த நிறத்தைக் கடிச்சாலும் ஒரே வெனிலா. அதை விட நல்ல விமர்சனத்தை நான் எழுதப்போறதில்ல. அந்த ஜூன்ல காசில்லாம எக்ஸ்டெண்டட் கட் விட்டாங்க, கொஞ்சம் விளக்கம் சேந்துச்சு, மூணும் வேணாம்னு மறுக்கவும் ஒரு வழி வந்துச்சு.

உங்க லெஜண்டரி எடிஷன்ல லெவையதன் கூடவே இருக்கு, நீங்க தாண்டிப் போயிட்டீங்கன்னு லெட்டரைப் படிச்சாலே தெரியுது. செர்பரஸ்ங்கற எதிரிக் கூட்டத்தோட தலைமையகத்துக்குப் போறதுக்கு முன்னாடி போட்ட சேவ் ஒண்ணு இருக்கும், அதுலேருந்து ஆடுங்க, அந்தப் பக்கம் போயிட்டா திரும்ப முடியாது. நான் எடுத்தது சிவப்பு. அதை எடுத்தா ரீப்பருங்களோட சேர்ந்து கெத்துங்களும் போயிடும், ரானாக்குல அவ்ளோ பாடுபட்டதும் போயிடும், அது தெரிஞ்சேதான் ரெண்டாவது தடவையும் எடுத்தேன். நீங்க எது எடுத்தீங்கன்னு சொல்லவே இல்லையே?