மேடை, வகுப்பறை, நிதிக்குழு: கேள்வி பதில்

நாடக இயக்குநராகத் தொடங்கி ஆசிரியரானேன். இப்போது கலைக்கு நிதி வழங்கும் ஓர் அறக்கட்டளையின் குழுவிலும் இருக்கிறேன். வந்த கேள்விகளில் சில:

கல்லூரி மாணவி: நாடகம், ஆசிரியப் பணி இரண்டையும் சேர்த்துச் செய்தால் இரண்டும் அரைகுறையாகிவிடாதா?

வகுப்பறையை வருமானத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டால் ஆகும். இங்கிலாந்தின் டோரத்தி ஹீத்கோட் 14 வயதில் கம்பளி ஆலைக்கு வேலைக்குப் போனவர். நாடகம் படித்தும் மேடையில் புகழ்பெறவில்லை. ஆனால், ஆசிரியரே ஒரு பாத்திரமாக மாறி மாணவர்கள் நடுவே நிற்கும் முறையை வளர்த்தவர் அவர்தான். நானும் செய்து பார்த்தேன். அணை உடையப்போகும் ஊருக்குத் தலைவராக நின்று, வாயே திறக்காத ஒரு பையனிடம், "கணக்கரே, எத்தனை வண்டி இருக்கிறது?" என்றேன். எழுந்தான். "பதினொன்று. இரண்டுக்குச் சக்கரம் இல்லை" என்றான். அந்தச் சக்கரத்தை நான் சொல்லிக்கொடுக்கவில்லை!

கணக்காளர் ஒருவர்: நல்ல நாடகத்துக்கு டிக்கெட் வருமானம் போதாதா?

அரங்கம் நிரம்பினாலும் பல சமயம் போதாது. பாமோல், போவன் என்ற பொருளியலாளர்கள் 1966இலேயே காரணத்தை விளக்கிவிட்டார்கள். இயந்திரம் வந்தால் தொழிற்சாலையில் ஒரே ஆள் கூடுதலாகச் செய்வார், கூலியும் உயரும். நால்வர் நடிக்கும் நாடகத்துக்கு நூறாண்டுக்கு முன்பும் நால்வர், இன்றும் நால்வர். கூலியை மட்டும் உயர்த்தியாக வேண்டும்; இல்லையென்றால் நடிகர் வேறு வேலை தேடிப் போய்விடுவார்.

நாடகக் குழுவினர்: விண்ணப்பத்தில் முதலில் எதைப் பார்ப்பீர்கள்?

வரவு செலவுப் பக்கத்தை. விளக்கு, உடை, சுவரொட்டி எல்லாம் இருக்கும். ஒத்திகை நாட்களுக்கான ஊதியம் மட்டும் இருக்காது. கேட்டால், "அதற்கெல்லாம் தருவீர்களா?" என்பார்கள். கூச்சப்படாமல் எழுதுங்கள். கட்டடத்துக்குக் கொடுத்தால் கல்லில் பெயர் பொறிக்கலாம், ஒத்திகையில் எங்கே பொறிப்பது என்று யோசிக்கும் கொடையாளர்களும் உண்டுதான்.

பணமில்லாத நான் கொடையாளராக முடியுமா?

மாலையில் பூட்டிக் கிடக்கும் கூடம் ஏதாவது உங்கள் பொறுப்பில் இருந்தால், சாவியைக் கொடுங்கள்.

உங்கள் மாணவர்களே நிதி கேட்டு விண்ணப்பித்தால்?

முன்கூட்டியே சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியேறிவிடுவேன். முதல் முறை அப்படிச் செய்யவில்லை. வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் போதும் என்று நினைத்தேன். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தே முடிவெடுத்தார்கள். இத்தனை ஆண்டுகள் நடிப்புச் சொல்லிக்கொடுத்தவனுக்கு அது தெரிந்திருக்க வேண்டாமா?