தாத்தா வீட்டு கோதிக் அலமாரியின் வயதையும் விலையையும் எப்படித் தெரிந்துகொள்வது?

கேள்வியில் நீங்கள் சொன்னது இவ்வளவு: திருமங்கலம் பக்கம் தாத்தா வீட்டில் ஏழடி உயரத்துக்கு ஒரு மர அலமாரி, இரண்டு கதவிலும் சர்ச் ஜன்னல் மாதிரி கூரான வளைவு, கீழே இரண்டு டிராயர். கொடைக்கானலில் ஏதோ ஒரு பங்களா ஏலத்தில் தாத்தா எடுத்து வந்ததாகப் பாட்டி சொல்வார்கள். பழைய சாமான் வாங்குகிறவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, இது இருநூறு வருடத்து இங்கிலாந்து கோதிக், நாற்பதாயிரம் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?

இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். இருநூறு வருடம் என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டு நாற்பதாயிரம் என்கிறாரே, அந்த இரண்டு பேச்சும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. என் அப்பா மதுரையில் தச்சு வேலை செய்தவர், நான் இருபது வருடமாகப் பழைய மரச்சாமான்கள் பழுது பார்க்கிறேன், அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

கோதிக் என்பது ஒரு ஜாடை. வயதைச் சொல்லாது. ஐரோப்பாவில் 12ஆம் நூற்றாண்டிலிருந்து 16ஆம் நூற்றாண்டு வரை பெரிய தேவாலயங்களைக் கட்டிய பாணி அது. கூர்வளைவு, மூன்று இதழ் நான்கு இதழ் பூ மாதிரி குடைந்த வேலை, மடித்துத் தொங்கவிட்ட துணி போலச் செதுக்கிய பலகை, இவையெல்லாம் அதன் அடையாளம். அந்தக் காலத்து அசல் சாமான்கள் பெரும்பாலும் ஓக் மரம், அவை திருமங்கலத்துக்கு வந்திருக்க வழியில்லை. நம் பக்கம் வந்தது, 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் மறுபடி எழுந்த கோதிக். 1834இல் லண்டன் பாராளுமன்றக் கட்டடம் எரிந்துபோய், அதைத் திரும்பக் கட்டியபோது கோதிக் பாணியில்தான் கட்டினார்கள், உள்வேலைப்பாடுகளை வரைந்தவர் அகஸ்டஸ் பியூஜின். அதற்குப் பிறகு சர்ச், பள்ளிக்கூடம், பாதிரியார் வீடு என்று எங்கு பார்த்தாலும் அந்தக் கூர்வளைவுதான். அதே 1834இல் அமெரிக்க மிஷனரிகள் மதுரையில் வேலையைத் தொடங்கினார்கள், 1845இல் கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டியதும் அவர்கள்தான். மானாமதுரை போகிற வழியில் இடைக்காட்டூர் தேவாலயத்தைப் பார்த்திருப்பீர்கள், 1894இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கட்டியது, முழுக்க கோதிக். அதனால் கொடைக்கானல் பங்களாவிலிருந்து இப்படி ஓர் அலமாரி வந்தது என்பது நம்பக்கூடிய கதைதான், ஆனால் வயது இருநூறைவிட நூறு, நூற்று முப்பதுக்குப் பக்கத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். நேரில் பார்க்காமல் அதற்கு மேல் சொன்னால் தப்பு.

ஒன்றை முதலில் சரிபாருங்கள், வளைவு கோதிக்தானா என்று. இரண்டு வில் இரண்டு பக்கமிருந்தும் ஏறி உச்சியில் கூராக முட்டினால் கோதிக். உள்விளிம்பு முழுக்க அலை அலையாக, பூவிதழ் விரிந்த மாதிரி வளைந்து போனால் அது திருமலை நாயக்கர் மகாலில் நாம் பார்க்கிற வகை, செட்டிநாட்டு வீட்டுச் சாமான்களிலும் வரும். இரண்டையும் கலந்து செய்ததும் உண்டு. கூர்வளைவுக்குள் தாமரையும் கிளியும் செதுக்கிய ஒரு புத்தக அலமாரியை நான் பழுது பார்த்திருக்கிறேன், எனக்கு அந்தக் கலப்புதான் ரொம்பப் பிடிக்கும்.

சரி, இனி முன்பக்கத்தை விடுங்கள். செதுக்கு வேலையை இன்றைக்கும் ஒருவர் புதிதாகச் செய்து பழசாக்கிவிடலாம், முதுகையும் அடியையும் அவ்வளவு மெனக்கெட்டு யாரும் ஏமாற்ற மாட்டார்கள். நாலு பேராகச் சேர்ந்து சுவரிலிருந்து இரண்டடி நகர்த்துங்கள், தூக்கி நகர்த்துங்கள், இழுத்தால் கால் உடையும். டார்ச்சை முதுகுப் பலகை மீது பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். கை ரம்பத்தால் அறுத்த பலகை என்றால் கோடுகள் கொஞ்சம் கோணல்மாணலாக, நேர்வாக்கில் இருக்கும். வட்ட ரம்பத்தில் அறுத்தது என்றால் வில் மாதிரி வளைந்த கோடுகள். கையால் இழைப்புளி போட்ட இடத்தைத் தடவினால் மெல்லிய பள்ளங்கள் விரலுக்குத் தெரியும். முதுகில் பிளைவுட் இருந்தால் ஒன்று அலமாரி பிந்தியது, அல்லது முதுகை மாற்றியிருக்கிறார்கள்.

அப்புறம் டிராயரை முழுதாக வெளியே எடுங்கள். என்னைக் கேட்டால் மொத்த அலமாரியிலும் அதிகம் பேசுவது டிராயர்தான். முன்பலகையும் பக்கப்பலகையும் சேருகிற மூலையில், புறா வால் மாதிரி விரிந்த பற்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருக்கும். அந்தப் பற்கள் ஒரே அளவில் இல்லாமல், ஒன்று அகலம் ஒன்று ஒல்லி என்று இருந்து, பக்கத்தில் ஆசாரி கீறின கோடும் தெரிந்தால் கைவேலை. எல்லாம் அச்சில் வார்த்த மாதிரி ஒரே அளவு என்றால் மிஷின். டிராயரின் அடிப்பலகை நூறு வருடத்தில் குறுக்குவாட்டில் சுருங்கியிருக்கும், அது பொருந்தி நிற்கிற காடியிலிருந்து (பள்ளத்திலிருந்து) நழுவி ஒரு நூல் இடைவெளி காட்டும். கதவுப் பலகைகளிலும் சுருக்கம் தெரியும், சட்டத்தின் ஓரத்தில் பாலிஷ் ஏறாத வெளுத்த மரம் ஒரு கோடாக எட்டிப் பார்க்கும். இதைப் பொய்யாகச் செய்வது கடினம்.

சட்டங்கள் சேருகிற இடத்தில் கழுந்தின் (துளைக்குள் செருகுகிற மரமுனையின்) ஓரமாக, கதவின் மேல் விளிம்பில், தட்டுகளின் அடியில் ஏதாவது கீறல் எழுத்து இருக்கிறதா என்று மெதுவாகத் தேடுங்கள். எந்தக் கழுந்து எந்தத் துளைக்கு என்று தெரிய, வேலை செய்தவர்கள் எண் போட்டு வைப்பார்கள். நான் பார்த்த இரண்டு மூன்று அலமாரிகளில் அது ௧, ௨, ௩ என்று தமிழ் எண்ணாக இருந்தது. அப்படி ஒன்று கண்ணில் பட்டால் இங்கிலாந்து என்ற பேச்சு அங்கேயே முடிந்தது, நம் பக்கத்து ஆசாரி ஒருவர் துரை காட்டிய படத்தைப் பார்த்துச் செய்த சாமான் அது. அதனால் மதிப்பு குறைந்துவிட்டது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இங்கிலாந்தில் அந்தக் காலத்தில் கோதிக் சாமான்கள் ஏராளமாகச் செய்தார்கள். தமிழ் எண் போட்ட கோதிக் அலமாரி எத்தனை இருக்கும்?

ஸ்க்ரூ, ஆணியையும் பாருங்கள். ஸ்க்ரூ தலையிலுள்ள வெட்டு நடுவில் இல்லாமல் ஒதுங்கியிருந்து, நுனியும் மொட்டையாக இருந்தால் 1840களுக்கு முந்தைய முறை. நட்சத்திரத் தலை ஸ்க்ரூ 1930களில்தான் வந்தது. உருண்டைக் கம்பி ஆணி 1890களுக்குப் பிறகு பரவியது. ஆனால் ஒரே ஒரு புது ஸ்க்ரூவைப் பார்த்து மனம் தளர வேண்டாம், கீலை யாராவது மாற்றியிருப்பார்கள், பழைய துளைகள் பக்கத்திலேயே அடைபட்டிருக்கும். பூட்டில் கிரீடமும் அதன் கீழ் வி.ஆர். என்ற எழுத்துகளும் இருந்தால் அது விக்டோரியா ராணி காலத்துக் குறி, 1837 முதல் 1901 வரை. இது பூட்டின் வயது மட்டுமே. (அலமாரி, சாவி என்ற இரண்டு சொற்களும் போர்த்துகீசியரிடமிருந்து நமக்கு வந்தவை, ஒவ்வொரு பழைய பூட்டைத் திறக்கும்போதும் எனக்கு அது ஞாபகம் வரும்.)

மரம் அநேகமாகத் தேக்காக இருக்கும். டிராயருக்குள் வெளியே தெரியாத இடத்தில் நகத்தால் லேசாகச் சுரண்டி முகர்ந்தால் எண்ணெய்ப் பசையோடு பதப்படுத்திய தோல் மாதிரி ஒரு வாசனை வரும். கருஞ்சிவப்பாக, தூக்கவே முடியாத கனமாக இருந்தால் தோதகத்தி, அதாவது ரோஸ்வுட். குறுக்கே பளபளப்பான ரேகைகள் ஓடினால் ஓக், அப்படியென்றால் கப்பலில் வந்ததுதான். வண்டு துளைத்த ஓட்டைகள் ஊசி குத்தின மாதிரி நேராக உள்ளே போக வேண்டும். பலகையின் மேல்பரப்பிலேயே வாய்க்கால் மாதிரி நீளமாக அரித்த தடம் தெரிந்தால், ஏற்கெனவே வண்டு தின்ற பழைய மரத்தை அறுத்துப் புதிதாகச் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஓட்டையிலிருந்து வெள்ளைத்தூள் கொட்டினால் வண்டு இன்னும் உள்ளே இருக்கிறது, அதற்கு மருந்து அடிக்க வேண்டும்.

இப்போது நான் கெஞ்சிக் கேட்கிற விஷயம். எவ்வளவு அழுக்காக இருந்தாலும் பாலிஷ் போடக் கொடுக்காதீர்கள். 2009இல் என் அத்தை வீட்டிலிருந்து ஒரு கோதிக் புத்தக அலமாரி என்னிடம் வந்தது. கதவின் உள்பக்கம் பென்சிலில் ஏதோ தமிழில் எழுதியிருந்தது, பிறகு நிதானமாகப் படிக்கலாம் என்று விட்டுவிட்டேன். நான் ஊரில் இல்லாத ஒரு வாரத்தில் வீட்டில் ஆசையாக ஒரு பாலிஷ்காரரை அழைத்துவிட்டார்கள், அவர் மிஷின் வைத்து உப்புத்தாள் தேய்த்து, மெலமைன் என்கிற இந்தக் காலத்துப் பளபளப்புப் பூச்சை அடித்து, கண்ணாடி மாதிரி ஆக்கிவிட்டுப் போனார். பென்சில் எழுத்து போயிற்று, இழைப்புளித் தடம் போயிற்று, உச்சியில் சிலுவை இருந்து கழன்ற இடத்தின் நிழல்கூடப் போயிற்று. எந்தத் தேவாலயத்திலிருந்து வந்தது என்று சொல்லியிருக்கக்கூடிய ஒரே வரி அது. இன்றைக்கும் அந்த அலமாரியைத் திறக்கும்போது என் கை முதலில் அந்த இடத்தைத்தான் தடவுகிறது. காய்ந்த மெல்லிய துணியால் தூசியைத் துடையுங்கள், போதும். பழைய பாலிஷா என்று தெரிய, மறைவான இடத்தில் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு வையுங்கள், பிசுபிசுவென்று இளகினால் அது அரக்கு பாலிஷ். மெலமைன் அசையாது.

விலைக்கு வருவோம். முதலில் மரக்கணக்கு. ஏழடி உயரம், நாலடி அகலம், ஒன்றரை அடி ஆழம் என்று வைத்துக்கொண்டால் பக்கங்கள் 21 சதுர அடி, முதுகு 28, முன்பக்கம் 28, தட்டுகள் மேலும் கீழும் சேர்த்து ஐந்து என்றால் 30, ஆக 107 சதுர அடி. ஓர் அங்குலக் கனம் என்றால் பன்னிரண்டால் வகுக்க வேண்டும், கிட்டத்தட்ட ஒன்பது கன அடி வருகிறது. உங்கள் அளவைப் போட்டுப் பார்த்து, மரக்கடையில் பழைய பர்மா தேக்கு கன அடி என்ன விலை என்று கேட்டுப் பெருக்குங்கள். அலமாரியை உடைத்து விற்றாலே கிடைக்கிற தொகை அது. உங்களிடம் சொன்ன நாற்பதாயிரம் எனக்கு இந்த மரக்கணக்கு மாதிரிதான் தெரிகிறது, வேலைப்பாட்டுக்கும் வயதுக்கும் அவர் ஒன்றுமே போடவில்லை.

அதற்கு மேல் ஏறுவதும் இறங்குவதும் மூன்று விஷயங்களில். மேல்பாதியும் கீழ்பாதியும் ஒன்றாகப் பிறந்தவையா, இல்லை இரண்டு சாமானைச் சேர்த்து வைத்தார்களா (முதுகுப் பலகையின் நிறமும் கனமும் மேலும் கீழும் ஒத்துப்போகிறதா பாருங்கள்). பூட்டு, கைப்பிடி, கண்ணாடி எவ்வளவு அசலாக மிஞ்சியிருக்கிறது. மூன்றாவது, எங்கிருந்து வந்தது என்பதற்கு ஏதாவது ஆதாரம் உண்டா. ஏலச்சீட்டு ஒன்று டிராயர் அடியிலோ தாத்தாவின் டிரங்குப் பெட்டியிலோ கிடைத்தால் பேரத்தில் உங்கள் கை ஓங்கிவிடும். டிராயர்கள் ரொம்ப அகலமாக, ஆழம் குறைவாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள், பூசை உடைகளை மடிக்காமல் விரித்து வைக்கத்தான் தேவாலயங்களில் அப்படிச் செய்வார்கள். அப்படி இருந்தால் பங்களாவுக்கு முன்னால் அது ஒரு தேவாலயத்தில் இருந்திருக்கலாம்.

ஒரு நாள் ஒதுக்கி காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போய்வாருங்கள். விற்கப் போவதாகச் சொல்லாமல், வாங்க வந்த மாதிரி இதே அளவு அலமாரிக்கு நாலு கடையில் விலை கேளுங்கள். அவர்கள் சொல்வது விற்கும் விலை, உங்களிடம் வாங்கும்போது அதில் பாதி பேசினாலே நல்ல பேச்சு. வெளிநாட்டுக்கு அனுப்பிவிடலாம், டாலரில் வரும் என்று யாராவது ஆசை காட்டினால் ஒதுங்கிவிடுங்கள். நூறு வருடம் தாண்டிய கலைப்பொருள்களைத் தனியார் யாரும் நாட்டைவிட்டு அனுப்பக்கூடாது என்று 1972ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது.

இந்த ஞாயிற்றுக்கிழமையே பாட்டியிடம் உட்கார்ந்து எந்த வருடம், யார் பங்களா, வண்டியில் எப்படி மலையிலிருந்து இறக்கினார்கள் என்று கேட்டு, போனில் பதிவு செய்துவிடுங்கள். டிராயர் மூலை, முதுகு, பூட்டு, கழுந்து ஓரம், இந்த நாலுக்கும் வெளிச்சத்தில் படம் எடுத்து உங்கள் கேள்வியிலேயே சேருங்கள். முன்பக்கப் படம் எனக்கு வேண்டாம். அந்த நாலையும் பார்த்தால் வயதை ஓரளவு நெருங்கிச் சொல்லிவிடுவேன்.